விளக்கேற்றாத வீடுகள்

ஜூலை 4 நெருங்கும்போதெல்லாம் அமெரிக்காவில் ஒரே வழக்கு மறுபடி தொடங்குகிறது. இந்த ஆண்டாவது தெருவில் வெடிகளைக் குறைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் தயங்கிக் கேட்பார். இன்னொருவர், இந்த நாளை மனம் நிறைந்து கொண்டாட முடியவில்லை என்பார். இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: சுதந்திர தினத்தை வெடியோடு கொண்டாடுவது நாட்டை நிறுவியவர்கள் வகுத்த வழக்கம், தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடக்கிறது, ஓர் இரவு இதைப் பொறுக்க முடியாதவருக்கு நாட்டுப்பற்றில் ஏதோ குறை. இந்தப் பதிலைச் சொல்பவர்கள் மேடை அரசியல்வாதிகள் மட்டும் அல்ல. யாருக்கும் தீங்கு நினைக்காத அண்டை வீட்டாரும் இதை மனதார நம்புகிறார்கள். அதனாலேயே இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது. பட்டாசு ஒருவருக்குப் பிடிக்கும், ஒருவருக்குப் பிடிக்காது. அதில் எனக்கு வழக்கில்லை. தயங்குகிறவரை நாட்டுக்கு வெளியே நிறுத்துகிறதே அந்தக் கடைசிக் கூற்று, அதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த நாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட இரவிலேயே தயக்கமும் இருந்தது. பட்டாசுக்கு எவ்வளவு பழமை உண்டோ, தயக்கத்துக்கும் அவ்வளவு உண்டு.

மரபைச் சான்று காட்டுபவர்கள் முதலில் எடுத்துவைப்பது, நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகேலுக்கு 1776 ஜூலை 3 அன்று எழுதிய கடிதத்தை. ஊர்வலமும் விளையாட்டும் பீரங்கி முழக்கமும் மணியோசையும் பெருநெருப்பும் விளக்கொளியுமாக நாடு முழுவதும் இந்த நாள் கொண்டாடப்பட வேண்டும் என்று அவர் எழுதியது உண்மை. கடிதத்தை முழுதாகப் படிப்பவருக்கு வேறு சிலவும் தென்படும். அவர் மனதில் இருந்த நாள் ஜூலை 4 அல்ல. பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவையான காங்கிரஸ் வாக்களித்த ஜூலை 2. கொண்டாட்டங்களுக்கெல்லாம் முன்னால் அவர் வைத்தது கடவுளுக்கு நன்றி செலுத்தும் வழிபாட்டை. கொண்டாட்டத்தைச் சொல்லி முடித்த கையோடு, இந்தப் பிரகடனத்தைக் காப்பாற்ற எவ்வளவு உழைப்பும் இரத்தமும் பொருளும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தனக்குத் தெரியும் என்கிறார். விளக்கொளி என்று அவர் சொன்னதும், அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீட்டுச் சன்னல்களில் மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றிவைப்பதைக் குறித்தது. நம் கார்த்திகை அகல் வரிசையை நினைத்துக்கொண்டால் படம் சரியாக விழும். வெடிக்குச் சான்றாகக் காட்டப்படும் கடிதத்துக்குள்ளேயே வழிபாடும் கவலையும் இருக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டுப் பீரங்கியை மட்டும் எடுத்துக்கொண்டது பின்வந்தவர்கள்.

முதல் ஆண்டுவிழா 1777-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. அன்றிரவு பதின்மூன்று ராக்கெட்டுகளோடு வாணவேடிக்கை தொடங்கி, பதின்மூன்று ராக்கெட்டுகளோடு முடிந்தது; மாநிலங்களின் எண்ணிக்கை அது. ஆகவே பட்டாசின் பழமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இரவில் வேறொன்றும் நடந்தது. ஊர் முழுக்கச் சன்னல்களில் மெழுகுவத்தி எரிந்ததைத் தெருவில் நடந்து பார்த்த ஆடம்ஸ், மறுநாள் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் அதை வியந்து சொல்லிவிட்டு, சிடுசிடுப்பான சில வீடுகள் மட்டும் இருண்டு கிடந்ததாகவும் எழுதினார். அந்த ஊரில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் நிறையப் பேர். ஆயுதம் எடுப்பதும் போர் வெற்றியைக் கொண்டாடுவதும் அவர்களுடைய சமயத்துக்கு ஒவ்வாதவை. மன்னருக்காகவும் சரி, காங்கிரசுக்காகவும் சரி, அவர்கள் விளக்கேற்ற மாட்டார்கள். எலிசபெத் டிரிங்கர் என்ற குவேக்கர் பெண்மணி தன் நாட்குறிப்பில், சுதந்திரத்தின் ஆண்டுவிழாவன்று ஊரில் ஏராளமான சன்னல்கள் உடைக்கப்பட்டன என்று சுருக்கமாகக் குறித்துவைத்திருக்கிறார். அதோடு முடியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய கணவர் ஹென்றி உட்பட இருபது பேர் அளவில், பெரும்பாலும் குவேக்கர்கள், விசாரணை ஏதுமின்றி வர்ஜீனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் இருவர் வீடு திரும்பாமலே இறந்துபோனார்கள். விளக்கேற்றாதவனைத் துரோகியாகப் பார்க்கிற பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பது இப்படி முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. மரபு என்று எதையாவது காட்டுவதானால் அந்த உடைந்த கண்ணாடியையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

இந்தத் தயக்கம் ஒரு சிறு சமயக் குழுவோடு நின்றுபோகவும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்த நாள் 1827 ஜூலை 4. கறுப்பின மக்களில் பலர் தங்கள் விடுதலையை அன்று கொண்டாடாமல் ஜூலை 5 அன்று கொண்டாடினார்கள். நான்காம் தேதி தெருவில் இறங்கினால் குடித்துவிட்டு வரும் வெள்ளையர் கூட்டம் தாக்கும் என்ற அச்சம் ஒரு காரணம். நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் இன்னும் விலங்கில் இருக்கையில், அந்த நாள் தங்களுடையது அல்ல என்ற எண்ணம் இன்னொரு காரணம். 1852-இல் ராச்செஸ்டர் நகரப் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் அழைப்பை ஏற்று, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸ் பேசியதும் ஜூலை 5 அன்றுதான். அடிமைக்கு ஜூலை 4 என்ன பொருள் தரும் என்று அவர் கேட்ட கேள்வி இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. 1850 கணக்கெடுப்பின்படி அப்போது அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். மணியோசையையும் பீரங்கியையும் வெற்று ஆரவாரம் என்று சாடிய டக்ளஸ், அதே உரையில் நாட்டை நிறுவியவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று மதித்துப் பேசுகிறார். சுதந்திரப் பிரகடனத்திலிருந்தே தனக்கு நம்பிக்கை பிறக்கிறது என்று சொல்லி முடிக்கிறார். இவரை வெளியாள் என்று சொல்ல இன்று யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்த நாளில் அவர் மனம் முழுதாக ஒட்டவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. பிரகடனத்தை எவ்வளவு தீவிரமாக நம்பினாரோ அவ்வளவுக்கு அந்தக் கொண்டாட்டம் அவருக்கு வலித்தது. பற்று இல்லாதவருக்கு இந்த வலி வராது.

இதெல்லாம் பழங்கதை, அடிமைமுறை போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்று சொல்பவர்கள் 2020 ஜூலை 3 இரவை நினைத்துப் பார்க்கட்டும். தெற்கு டகோட்டாவின் ரஷ்மோர் மலையில், நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்களுக்கு மேலே, பத்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு வாணவேடிக்கை நடந்தது. அந்த மலை நிற்கிற கறுங்குன்றுகள் லக்கோட்டா பழங்குடி மக்களுக்குப் புனிதமானவை. 1868-இல் லாரமி கோட்டையில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த நிலம் அவர்களுக்கே உரியது என்றது. அங்கே தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் போனது. 1877-இல் நிலம் பறிக்கப்பட்டது. அது இழப்பீடின்றிப் பறித்ததே, உரிய இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1980-இல் தீர்ப்பளித்தது. நிலம்தான் வேண்டும், பணம் வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். வட்டியோடு பெருகி அந்தத் தொகை இன்றும் தொடப்படாமல் கிடக்கிறது. வாணவேடிக்கை நடந்த அன்று மலைக்குப் போகும் சாலையை மறித்து நின்ற பழங்குடியினர் பலர் கைதானார்கள். அவர்களைப் பார்த்து, நாட்டின் பிறந்தநாளில் ஏன் கலகம் செய்கிறீர்கள் என்று கேட்பவருக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அந்த மலையில் 1998 முதல் 2009 வரை வெடித்த வாணங்கள் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்ற வேதிப்பொருளை விட்டுச்சென்றிருப்பதாக அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு பின்னர் காட்டியது. பைன் மரங்கள் காய்ந்து நின்ற காட்டில் தீ மூளும் அபாயம்தான் இடையில் வாணவேடிக்கையை நிறுத்திவைத்ததற்கே காரணம்.

வெடிச்சத்தத்துக்கு ஆதரவாக அமெரிக்க தேசிய கீதத்தையும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ராக்கெட்டின் செவ்வொளி அதிலேயே வருகிறதே, வானில் நாங்கள் காட்டுவது அதைத்தானே என்பது வாதம். அந்த ராக்கெட்டுகள் யாருடையவை? 1814 செப்டம்பரில் பால்டிமோர் துறைமுகத்து மெக்ஹென்றி கோட்டையைச் சுமார் 25 மணி நேரம் தாக்கிய பிரிட்டிஷ் கடற்படையினுடையவை. பாடலை எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ இரவெல்லாம் கப்பலில் நின்று, விடிந்தால் கொடி இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் தவித்தவர். அந்தச் செவ்வொளி எதிரியின் வெடிமருந்து எரிந்த ஒளி. அந்த ராக்கெட்டின் வேர் நம் மண்ணுக்கும் வருகிறது. பிரிட்டனின் வில்லியம் காங்கிரீவ் அதை உருவாக்கியது, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயர் மீது ஏவிய மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயரின் கர்னல் பெய்லியின் படை நொறுங்கிச் சரணடைந்தபோது அந்த ராக்கெட்டுகளை அது எதிர்கொண்டிருந்தது. பொள்ளிலூரிலும் பால்டிமோரிலும் அந்த ஒளியின் கீழே நின்றவர்கள் பயந்துதான் நின்றார்கள். அந்தப் பயத்தை நினைவில் வைத்திருக்கும் பாடலைக் காட்டி, பயப்படாதே என்று இன்னொருவரை அதட்டுவது எப்படிப் பொருந்தும்?

பயப்படுகிறவர்களில் அந்த நாட்டுக்காகப் போரிட்டவர்களே இருக்கிறார்கள் என்பது இந்த வாதத்தில் மிகவும் கசப்பான பகுதி. போரின் அதிர்ச்சியால் மனத்தில் தங்கும் நோயை 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவம் தனிப்பெயர் கொடுத்து ஏற்றுக்கொண்டது; வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் அதற்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பியவர்கள், இங்கே முன்னாள் படைவீரர் வசிக்கிறார், வெடி வெடிக்கும்போது கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்ற பலகையை வாசலில் நட்டுவைக்கும் நிலை வந்திருக்கிறது. வெறும் சத்தம்தானே, துப்பாக்கி அல்லவே என்பது எளிதாகச் சொல்லிவிடும் சமாதானம். எம்-80 என்ற புகழ்பெற்ற வெடி, பயிற்சியின்போது துப்பாக்கிச் சத்தத்தைப் போலச் செய்வதற்காக ராணுவத்துக்கென்று தயாரிக்கப்பட்டது. 1966-இல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட பிறகும் அது திருட்டுத்தனமாகக் கிடைக்கிறது. போர்ச்சத்தத்தை ஒத்திருக்க வேண்டுமென்றே செய்த பொருளைக் கேட்டு ஒருவருக்குப் போர் நினைவு வந்தால், அதை அவருடைய பலவீனம் என்று எப்படிச் சொல்வது? வியட்நாமிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஈழத்திலிருந்தும் குண்டுக்குத் தப்பி வந்து குடியேறியவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் உடம்பு நடுங்குவதை நாட்டுப்பற்றின் அளவுகோலாக வைப்பது கொடுமை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் வாணவேடிக்கை என்று முன்பே தெரிந்தால் பலரால் அதற்கு ஆயத்தமாக முடியும். சிலர் போய் ரசிக்கவும் செய்வார்கள். நள்ளிரவில் எதிர்பாராமல் பக்கத்துச் சந்தில் வெடிக்கும் ஒற்றை வெடிதான் ஆளைக் குலைக்கிறது.

ஓர் இரவுதானே என்பதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. அது ஓர் இரவோடு முடிவதில்லை. கடைகள் ஜூன் மாதத்திலேயே திறந்துவிடுகின்றன, வெடிச்சத்தம் ஜூலை நடுவரை இழுக்கிறது. சாதாரண மக்கள் பட்டாசு வாங்குவதையும் வெடிப்பதையும் முழுதாகத் தடை செய்திருக்கும் மாநிலம் இன்று மாசசூசெட்ஸ் ஒன்றுதான். சுதந்திரப் போர் தொடங்கிய மாநிலமே அது என்பதை மறக்க வேண்டாம். பாஸ்டனின் ஜூலை 4 பொது வாணவேடிக்கை நாட்டிலேயே பேர்போனது, அங்கே யாருக்கும் நாட்டுப்பற்று குறைந்துபோகவில்லை. மற்ற இடங்களில் ஆகும் செலவைக் கணக்குகள் காட்டுகின்றன. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் 2024-இல் மட்டும் பட்டாசால் 11 பேர் இறந்தார்கள், 14,700 பேர் அளவில் காயத்துக்குச் சிகிச்சை பெற்றார்கள். 2018-இல் பட்டாசு மூட்டிய தீ 19,500 என்றது தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம். 315 இடங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு, ஜூலை 4-ஐ ஒட்டிய ஒரு நாள் பொழுதில் காற்றில் நுண்துகள் சராசரியாக 42 விழுக்காடு கூடுவதைக் கண்டது. ஆபத்தில்லாதது என்று குழந்தை கையில் கொடுக்கும் கம்பி மத்தாப்புகூட ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் எரிகிறது. 2025 ஜூலை 1 அன்று கலிஃபோர்னியாவின் எஸ்பார்ட்டோ என்ற சிற்றூரில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களும் அந்த நாளின் கணக்கில் வர வேண்டியவர்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இது இன்றைய காலத்து மென்மை, முன்னோர்கள் இப்படிச் சிணுங்கவில்லை என்று சொல்வார்கள். முன்னோர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை, இயக்கமே நடத்தினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1903-இலிருந்து ஜூலை 4 சாவுகளை ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டது. தொடக்க ஆண்டுகளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பொம்மைத் துப்பாக்கியின் வெற்றுத் தோட்டா கையைக் கிழித்து, அந்தப் புண்ணில் வில்வாதம் (டெட்டனஸ்) கண்டு, பல நாள் துடித்துச் செத்த சிறுவர்கள். 1908 ஜூலை 3 அன்று கிளீவ்லாந்தில் ஒரு கடையில் விற்பனைக்கு வைத்திருந்த பட்டாசு பற்றிக்கொண்டு ஏழு பேர் இறந்ததும் அந்த நகரம் பட்டாசைத் தடை செய்தது. பாதுகாப்பும் நிதானமும் உள்ள ஜூலை 4 வேண்டும் என்ற முழக்கம் ஊர் ஊராகப் பரவியது. நியூயார்க்கில் தேவையற்ற இரைச்சலுக்கு எதிராகச் சங்கம் நிறுவிய ஜூலியா பார்னெட் ரைஸ் போன்ற பெண்கள் அதில் முன்னின்றார்கள். இன்று பழமையான மரபு என்று போற்றப்படும் நகராட்சி வாணவேடிக்கை இந்த அளவு பரவியதற்கு அந்த இயக்கமும் ஒரு காரணம்: வீட்டு வாசல் வெடியை ஒழிக்க, பொது இடத்தில் தேர்ந்தவர்கள் வெடிக்கட்டும், மக்கள் கூடிப் பார்க்கட்டும் என்றார்கள். அன்று அவர்கள் தயங்கியதால்தான் இன்றைய கொண்டாட்டத்துக்கு இந்த வடிவம் கிடைத்தது.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை நான் மனதார மதிக்கிறேன். பத்து டாலர் செலவில் ஓர் ஏழைக் குடும்பம் தன் தெருவை ஒளியால் நிரப்பிவிட முடிகிறது; விடுமுறைக்கு எங்கும் போக வசதியில்லாதவர்களுக்கு அந்த இரவு பெரியது; முகம் தெரியாத அண்டை வீட்டார் அன்றுதான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பேசுகிறார்கள். இது சிறிய நன்மை அல்ல. பட்டாசைப் பழிப்பவர்கள் பல நேரம் இந்த மகிழ்ச்சியை மட்டம் தட்டிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியைத் தருவது கூடுகை. வெடி அதற்கு ஒரு சாக்கு. பொது இடத்தில், அறிவித்த நேரத்தில் நடக்கும் வாணவேடிக்கைக்கும் கட்டணமில்லை, கூட்டமும் கூடுகிறது. காட்டுத்தீ அபாயமும் காற்று மாசும் மிகுந்த மேற்குப் பகுதியில் சால்ட் லேக் சிட்டியும் போல்டரும் 2023-இல் வெடிக்குப் பதில் ட்ரோன் விளக்குகளைப் பறக்கவிட்டன. எல்லா ஊருக்கும் அதுதான் தீர்வு என்று சொல்ல மாட்டேன். நல்ல வாணத்தின் அழகு ட்ரோனுக்கு வராது என்பவர்களோடு நானும் சேர்வேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஊரார் உட்கார்ந்து பேசலாம். அந்தப் பேச்சில் தயங்குகிறவருக்கும் ஓர் இருக்கை வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஆளுக்கொரு மனக்குறையைக் கேட்டுக்கொண்டிருந்தால் நாட்டுக்குப் பொதுவாக ஒரு நாளும் மிஞ்சாது என்பது கடைசி ஆட்சேபம். அந்த அச்சம் புரிகிறது. பிளவுபட்ட நாட்டில் பொதுவான சடங்குகள் ஏற்கெனவே குறைவு. ஆனால் ஒரே மாதிரி மகிழ்பவர்கள் மட்டும் நுழையக்கூடிய சடங்கு பொதுச்சடங்கு ஆகாது. அன்று யாரெல்லாம் ஒதுங்கி நின்றார்கள் என்று மேலே பார்த்தோம்: சமயம் தடுத்தவர், விலங்கு தடுத்தவர், நிலம் பறிபோனவர், போரில் அடிபட்டவர். இவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நாடாக இருக்காது. ஆடம்ஸ் சிடுசிடுப்பானவை என்று சொன்ன வீடுகளுக்குத் திரும்புகிறேன். கணவர் நாடுகடத்தப்பட்டு ஏழு மாதம் ஆன பிறகு, 1778 ஏப்ரலில் எலிசபெத் டிரிங்கர் வேறு மூன்று பெண்களோடு, போர் நடக்கும் பாதையில் வண்டியேறி வேலி ஃபோர்ஜ் பாசறைக்குப் போனார். கடுங்குளிரையும் பசியையும் தாண்டி மெலிந்து நின்ற படையின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனைப் பார்த்து, எங்கள் ஆட்களை விடுவிக்க உதவுங்கள் என்று கேட்டார்கள். விடுவிக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்றார் அவர். லங்காஸ்டரில் இருந்த மாநில அரசிடம் போய் முறையிடுவதற்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். போருக்கு விளக்கேற்றாத சமயத்தைச் சேர்ந்த அந்த நான்கு பெண்களையும் தன் உணவு மேசையில் தன்னோடும் தன் மனைவியோடும் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார். அந்த மாதம் முடிவதற்குள் ஹென்றி டிரிங்கரும் மற்றவர்களும் விடுதலையானார்கள்.